மாசத்துக்கு எத்தனை ஆள்?

விலை சொல்லாத கடைக்காரனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. எங்கள் ஒழுங்கைக்கு வரும் மீன்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே விலையைச் சொல்லிவிடுவார். நான் குறைத்துக் கேட்பேன். அவர் ஏசுவார், நானும் ஏசுவேன், பிறகு மீன் சட்டிக்குப் போகும். கொம்பியூட்டர்க் கொம்பனிகளிடம் அது நடக்காது. அவர்களுடைய பக்கத்தில் ‘விலை’ என்று எழுதிய இடத்தை அமத்தினால், சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படமும், ‘எங்களுடன் பேசுங்கள்’ என்று ஒரு வரியும் வரும். உன்னோடு எனக்கு என்ன பேச்சு? விலையைச் சொல்.

இந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. கட்டட வேலைக்காரர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று பதிகிற செயலிகளின் விலையை ஒரு மாதமாக ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தவள் நான். என் படிப்பு பதினொராம் வகுப்பில், சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் ஒருவன் என்னை ஏமாற்றப் பார்க்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க அந்தப் படிப்பே எனக்குப் போதும்.

கட்டட வேலைக் கொந்தராத்து எடுப்பது எங்கள் தொழில். என் புருசன் மேசன். கட்டுவது அவர். வேலைக்கு ஆட்களைப் பிடிப்பது, சீமெந்துக்குச் சொல்வது, சம்பளம் கொடுப்பது, ஏசுவது எல்லாம் நான். எங்களோடு பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். மேசன்மார், கையாள்கள், கையாள்களில் நாலு பெண்கள், கம்பி கட்டுவதற்கு ஒரு காத்தான்குடிக்காரரும் அவர் கூட்டி வருகிற இரண்டு பேரும்.

என் புருசன் முதலில் கட்டாரில் இருந்தவர். பிள்ளைகள் இரண்டும் தகப்பனைப் போனுக்குள் பார்த்து வளர்ந்தவர்கள். சின்னவள் ஒருநாள் போனைத் தூக்கி அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் “இதுதான் எங்கட அப்பா” என்று காட்டினாள். படத்தைக் காட்டவில்லை, போனைத்தான் காட்டினாள். திரை கறுப்பாகக் கிடந்தது. நான் அப்போதே அவருக்கு அழைப்பு எடுத்து, போதும் வந்து சேருங்கள் என்று கத்தினேன். வந்தார். கொந்தராத்து அப்படித்தான் தொடங்கியது.

நாவற்குடாவில் வாவிக்கரையோடு ஒரு விடுதி கட்டும் வேலை கிடைத்தது. கீழ்த்தளத்தை நாங்கள் கட்டி முடித்தோம். நல்லாகவே கட்டினோம். மேல்மாடியும் எங்களுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, முதலாளியின் இஞ்சினியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெற்றைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, இனிக் கொப்பியில எழுதித் தாற கணக்குச் சரிவராது. ஒவ்வொருத்தரும் வந்த நேரம், போன நேரம், நிண்ட இடம் எல்லாம் ஆப்பில வரணும். கிழமைக்கு ஒருக்கா ரிப்போட் அனுப்பணும்.”

“ஏன், நாங்க கள்ளக் கணக்குத் தந்தமா?”

“நீங்க தரல்ல. வேற இடத்தில தந்திரிக்காங்க. இல்லாத மனிசர்ர பேரெல்லாம் எழுதி.”

“அப்ப அவங்களிட்டப் போய்ச் சொல்லுங்களன்.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் அக்கா. மாச முடிவுக்குள்ள செய்யாட்டி மேல்மாடிய வேற ஆக்களுக்குத்தான் குடுப்பாங்க. நான் சொல்லிட்டன்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் புருசனிடம் இதைச் சொன்னேன். அவர் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். “மேல்மாடி இல்லாட்டி வேலையில்ல. மாரியும் வருது. பழைய கட்டார்க் கொம்பனிக்காரன் ஆள் வேணுமெண்டு போன் எடுத்தவன். நான் கட்டாருக்கே போறன்” என்றார்.

“வாய மூடிக்கிட்டுச் சோத்தத் தின்னுங்க” என்றேன்.

“அங்கயும் விரல வெச்சாத்தான் கதவு திறக்கும். இஞ்சயும் அதத்தானே கேக்காங்க. எங்க வெச்சா என்ன?”

எங்கே வைத்தால் என்னவா? மறுநாளே தேடத் தொடங்கினேன். மத்தியானத்தில், சைட்டில் சாமான் வைக்கும் கொட்டிலுக்குள் சீமெந்துப் பையின் மேல் உட்கார்ந்து, பெரியவனின் போனில்தான் எல்லாம் பார்த்தேன்.

முதலில் கிடைத்தது வெளிநாட்டுச் செயலி. தலைக்கு மாதம் இவ்வளவு டொலர். நல்லது, பதினெட்டுத் தலைக்குக் கட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் பின்னேரம் மகன் வாசித்துச் சொன்னான். அந்த மாதத்தில் ஒருநாள் பெயர் பதிந்தாலும் அது ஒரு தலை.

எங்கள் சைட்டில் தலைகள் அப்படி நிலையாக இருப்பதில்லை. வாவியில் இறால் படத் தொடங்கினால் கையாள்களில் பாதிப்பேர் வலையோடு போய்விடுவார்கள். ஆனால் சும்மா போக மாட்டார்கள், தன் இடத்துக்கு மச்சானையோ தம்பியையோ அனுப்பிவிட்டுத்தான் போவார்கள். உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டத் தொடங்கினால் மேசன்மார் இரண்டு பேர் போவார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு இரண்டு பேர் வருவார்கள். கம்பி கட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனால் பின்னேரத்துக்கு எங்கள் பெடியன்கள் கம்பியைப் பிடிப்பார்கள். எந்த நாளில் எண்ணினாலும் பதினெட்டுப் பேர்தான் நிற்பார்கள். மாத முடிவில் பெயரை எண்ணினால் அது முப்பதைத் தாண்டும். நிற்காத தலைக்கும் காசு கட்டச் சொல்கிறான் டொலர்க்காரன்.

இரண்டாவது செயலி, எத்தனை பேர் வந்தாலும் மாதம் ஒரே விலை என்றது. எனக்குச் சந்தோஷம் வந்தது. அதுவும் நீடிக்கவில்லை. அந்த விலை ஒரு சைட்டுக்கு. அமிர்தகழியில் எங்களுக்கு ஒரு மதில் வேலை நடந்துகொண்டிருந்தது. அது இரண்டாவது சைட், இரண்டாவது விலை. மாமாங்கத் திருவிழா நேரத்தில் அந்தப் பக்கத்தில் எல்லாரும் மதிலுக்குப் பூசுவார்கள், படி கட்டுவார்கள், எங்களுக்கு இரண்டு நாள் மூன்று நாள் வேலைகள் வந்து குவியும். ஒருவர் வீட்டில் கக்கூசுக்குக் கொங்கிறீற் பிளேட் போடப் போனாலும் அது இவர்களுக்கு ஒரு சைட்தான். கக்கூசில் நான் எடுக்கிற லாபத்தை அப்படியே இவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, சும்மா தருகிறோம் என்றது. ஐந்து பேர் வரைக்கும் சும்மா. பரவாயில்லை, ஐந்து பேரைப் போட்டுப் பார்ப்போம் என்று என் புருசனையும் கம்பிக்காரரையும் இன்னும் மூன்று பேரையும் பதிந்தேன். காலையில் எல்லாரும் தங்கள் போனில் அமத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பிக்காரர் கையில் போனோடு வந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தங்கச்சி, உங்கட மாப்பிள்ள எங்க நிக்கிறார் எண்டு தெரியுமா?”

“தூணடியில நிக்கிறார். ஏன்?”

“இல்ல. வாவிக்குள்ள நிக்கிறாராம். இஞ்ச பாருங்க, நடுத்தண்ணிக்குள்ள.”

பார்த்தேன். படத்தில் நீலத் தண்ணீருக்கு நடுவில் என் புருசன் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றார். கீழே ‘பணியிடத்துக்கு வெளியே’ என்று எழுதியிருந்தது. கையாள் பெண்களில் ஒருத்தி, “அண்ணனுக்கு நீச்சல் தெரியுமா அக்கா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடத்தைச் சரியாகக் காட்டும் வசதி வேண்டுமென்றால் அதற்குத் தனிக்காசு. ரிப்போட்டைப் போனிலிருந்து வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதற்கும் தனிக்காசு. இஞ்சினியர் கேட்டது இரண்டே இரண்டு, இடமும் ரிப்போட்டும். அந்த இரண்டிலும்தான் பூட்டுப் போட்டிருந்தான்.

நாலாவது செயலிக்காரன் ஒரு வருடக் காசை முன்னுக்குக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றான். எங்களுக்கு மாரியில் வேலையே இல்லை. மழை கொட்டும், தாண்டவன்வெளியிலிருந்து கல்லடி வரைக்கும் தண்ணீர் நிற்கும், யார் சுவர் கட்டுவது? வேலையில்லாத மாதங்களுக்கும் காசை வாங்கி வைத்துக்கொண்டு அதில் இரண்டு மாதத்தை எனக்குத் தானம் தருகிறானாம்.

மாதம் ஓடிக்கொண்டிருந்தது. புருசன் ஒருநாள் அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்தார். “பாஸ்போட்ட எங்க வெச்ச?” என்றார். “எனக்குத் தெரியா” என்றேன். தெரியும். சொல்லவில்லை.

கடைசியில், ‘எங்களுடன் பேசுங்கள்’ என்று எழுதியிருந்த ஒரு கொழும்புக் கொம்பனிக்கு, வேறு வழியில்லாமல், பேசினேன். ஒரு பிள்ளை எடுத்தாள். குரல் தேன் மாதிரி இருந்தது.

“வணக்கம் மேடம், சொல்லுங்க மேடம்.”

“உங்கட ஆப் என்ன விலை?”

“அது உங்க தேவையைப் பொறுத்தது மேடம்.”

“என்ட தேவை விலை அறியிறதுதான்.”

அவள் சிரித்தாள். கோபப்படாமல் சிரித்ததால் நான் போனை வைக்கவில்லை. “சரி மேடம், உங்களுக்கு மாசத்துக்கு எத்தன ஆள் வரும்?” என்று கேட்டாள்.

இது எனக்குத் தெரிந்த கேள்வி. யோசிக்கவே தேவையில்லை. “நானூறு ஆள் வரும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில கொஞ்சம் குறையும்” என்றேன்.

“நானூறா மேடம்?”

“ஓம். சில மாசம் கூடவும் போகும்.”

எங்கள் தொழிலில் ஆள் என்றால் ஒரு மனிதன் ஒரு நாள் செய்கிற வேலை. இந்தச் சுவருக்கு எத்தனை ஆள் போகும் என்று கேட்டால், ஆறு ஆள் போகும் என்போம். அது ஆறு பேர் ஒருநாள் செய்வதாகவும் இருக்கலாம், இரண்டு பேர் மூன்று நாள் செய்வதாகவும் இருக்கலாம். மத்தியானத்தோடு போனால் அரை ஆள். பதினெட்டுப் பேர் மாதம் முழுக்க நின்றால், வராத நாளெல்லாம் கழித்து, நானூறு ஆள் வரும். பிறந்ததிலிருந்து அப்படிக் கேட்டுப் பழகிய எனக்கு, அந்தப் பிள்ளை வேறொன்றைக் கேட்கிறாள் என்று எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் கிடைக்காத மரியாதை எல்லாம் கிடைத்தது. அன்று பின்னேரமே அவளுடைய மனேச்சர் எடுத்தார். “உங்களைப் போல ஒரு பெரிய நிறுவனம் கிழக்குல எங்களைத் தேடி வந்தது சந்தோஷம் மேடம்” என்றார். நேரில் வந்து எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்றார். வரவேண்டாம் என்று நான் ஏன் சொல்வேன்? வரச் சொன்னேன்.

புருசனுக்குத்தான் சந்தேகம். “ஒரு ஆப் விக்கிறதுக்கு இவனுகள் ஏன் கொழும்பில இருந்து வாறானுகள்? வாவிக்கரைக் காணி ஏதும் பாக்க வாறானுகளோ?”

“எல்லாரையும் உங்களப்போல நினைக்காதீங்க. படிச்ச மனிசர், மரியாத தெரிஞ்சவங்க” என்றேன். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சொன்ன நாளில் மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் சைட்டுக்குள் வந்தது. மனேச்சர் நீளக்கைச் சட்டையும் மினுங்கும் சப்பாத்துமாக இறங்கினார். கூடவே அந்தப் பிள்ளை, கையில் தடித்த கோப்போடு. அப்போது சாப்பாட்டு நேரம். கலவை மெசின் நின்றிருந்தது. பெண்கள் பலகை அடுக்கின் மேல் இருந்து பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். யாருடையதோ ஆடு ஒன்று வெறும் சீமெந்துப் பையைச் சப்பிக்கொண்டு நின்றது. மனேச்சர் அங்கும் இங்கும் பார்த்தார். கட்டடத்தைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு வந்தார்.

“மத்தவங்க எல்லாம் எந்த சைட்ல இருக்காங்க மேடம்?”

“மத்தவங்க எண்டா ஆரு?”

“இல்ல... நானூறு பேர்னு சொன்னீங்களே.”

“நானூறு பேரா? எப்ப சொன்ன நான்?”

கம்பிக்காரர் சோற்றுக் கையோடு எழும்பி நின்று, “நானூறு பேர் இஞ்ச நிண்டா நாவற்குடா தண்ணிக்குள்ள தாண்டு போயிரும் தம்பி” என்றார். பலகை அடுக்கு முழுக்கச் சிரித்தது.

அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினேன். “புள்ள, நீ என்ன கேட்ட? மாசத்துக்கு எத்தன ஆள் வரும் எண்டு கேட்டயா இல்லயா?”

“கேட்டேன் மேடம்.”

“நானூறு ஆள் வரும். நான் பொய் சொல்லல்ல. ஒருத்தன் ஒருநாள் வேல செய்தா ஒரு ஆள்.”

“எங்களுக்கு ஆள்னா மனுஷன் மேடம்.”

“எங்களுக்கும் மனிசன் மனிசன்தான். ஆள் வேற.”

மனேச்சர் கோப்பை வாங்கி மூடினார். கெட்ட மனிதர் இல்லை, கோபத்தைக் காட்டவில்லை. ஆனால் அவருடைய முகத்தில் வந்த வழியெல்லாம் திரும்ப ஓட வேண்டுமே என்ற களைப்புத் தெரிந்தது. தங்களுடைய ஆகச் சின்னத் திட்டமே ஐம்பது பேருக்குத்தான், அதற்குக் கீழே செய்வதில்லை என்றார். புருசன் தூணில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. அவர் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

“சரி, வந்த நீங்க சோத்தத் தின்னுட்டுப் போங்க” என்றேன். ஏசுவது மாதிரித்தான் சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் உடனே உட்கார்ந்துவிட்டார்கள். புருசனுக்கும் எனக்கும் கொண்டுவந்த சோற்றையும் இறால் கறியையும் பங்கு போட்டேன். மனேச்சர் முதலில் கரண்டி தேடினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையால் சாப்பிட்டார். அந்தப் பிள்ளை இறால் தலையை உறிஞ்சிச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகு எனக்கு அவள் மேலிருந்த கோபம் பாதி போய்விட்டது.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். எங்கள் கையாள் ஒருவனின் மச்சான். “அக்கா, அவன வலை இழுக்கக் கூப்பிட்டுட்டாங்க. அவன் போறான். மிச்ச அரை ஆளுக்கு நான் நிக்கிறன்” என்றான்.

“அரை ஆளா?” என்று மனேச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, இடுப்பில் கட்டியிருந்த சரத்தைச் சரிசெய்துகொண்டு போனான்.

நான் விடவில்லை. “இப்ப பாத்தீங்களா? போனவன் அரை ஆள். வந்தவன் அரை ஆள். ரெண்டும் சேந்து ஒரு ஆள். நான் ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் குடுக்கிறன். உங்கட கணக்கில ரெண்டு தலை, ரெண்டு தலைக்கும் மாசம் முழுக்கக் காசு. இது எந்த ஊர் நியாயம்?”

“உலகம் முழுக்க இப்படித்தான் விக்கிறாங்க மேடம். தலைக்கு இவ்வளவு, இல்லாட்டி சைட்டுக்கு இவ்வளவு.”

“உலகம் முழுக்க இறால் படுதா?”

அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள். “சேர், மழை தொடங்கினதும் நம்ம கட்டட கஸ்டமர்ஸ் எல்லாம் நிப்பாட்டிடுறாங்க தானே. வெயில் வந்த பிறகு திரும்ப நாமதான் ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் கெஞ்சுறோம்.” மனேச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் இல்லையென்று சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் வாயில் வந்தது. முன்கூட்டி யோசித்து வைத்த ஒன்றில்லை, கோபத்தில் வந்தது. “அப்ப என்ட ஆளுக்கு விலை போடுங்க. ஒரு ஆளுக்கு இவ்வளவு எண்டு. ஆர் நிண்டா என்ன, எந்த சைட்டில நிண்டா என்ன, ஒருநாள் வேல நடந்தாக் காசு. அரை நாள் நடந்தா அரைக்காசு. நடக்காட்டி இல்ல. நான் மாரியில உங்கள நிப்பாட்டவும் மாட்டன், நீங்க வந்து கெஞ்சவும் தேவையில்ல. நானூறு ஆள் எண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க? நானூறு ஆளுக்கே வில்லுங்க.”

மனேச்சர் கை கழுவப் போனார். குழாயடியில் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, “இப்படி ஒரு விலை எங்ககிட்ட இல்ல மேடம். பாட்னர்கிட்டப் பேசணும்” என்றார். கார் போனது.

போன கார் போனதுதான் என்று எல்லாரும் நினைத்தோம். மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. புருசன் என்னிடம் பாஸ்போட் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த டொலர்ச் செயலிக்கே காசைக் கட்டித் தொலைப்போமா என்று கணக்குப் பார்த்தேன். கட்டலாம். கட்டினால் மேல்மாடியில் எங்களுக்கு மிஞ்சுவது மண்வெட்டிப் பிடிதான்.

மூன்றாம் நாள், நான் மணல் லொறிக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது மனேச்சர் எடுத்தார். ஆறு மாதத்துக்கு நான் சொன்ன மாதிரியே செய்து பார்க்கலாம் என்றார். ஒரு ஆளுக்கு இவ்வளவு. எத்தனை பெயரும் பதியலாம், எத்தனை சைட்டும் போடலாம், இடம் காட்டுவதும் ரிப்போட்டும் அதற்குள் அடக்கம். ஆனால் வேலையே இல்லாத மாதத்திலும் ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும்.

“அது ஏன்?”

“மழையில நாங்களும் சாப்பிடணும் மேடம்.”

அரை மணித்தியாலம் அதற்குச் சண்டை பிடித்தேன். அவர் சொன்னதில் பாதிக்குக் கொண்டுவந்தேன். முழுக்க இல்லாமல் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் அது எனக்குக் கொதிப்புத்தான். ஆனாலும் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலை மும்முரமான மாதத்தில் இது தலைக்கணக்கை விடக் குறைவு, வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பாதிக்கும் கீழே, மாரியில் ஒரு கிலோ இறால் காசுகூட வராது. சம்மதம் என்றேன். லொறிக்காரன் அதற்குள் மணலைக் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

வாசலில் ஒரு கம்பத்தில் புருசனின் போனைக் கட்டினோம். வருகிறவர் முகத்தைக் காட்ட வேண்டும், போகும்போதும் காட்ட வேண்டும். முதல்நாள் காலையில் எல்லாம் அழகாகப் பதிந்தது. கையாள் பெண்கள் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னேரம் ஒருவரையும் அது ஏற்கவில்லை. காலையில் வந்த முகங்கள் எல்லாம் இப்போது சீமெந்துப் பூச்சில் இருந்தன. ‘அடையாளம் தெரியவில்லை’ என்றது போன். “என்ட பொஞ்சாதிக்கும் இப்பிடித்தான் வீட்ட போனா அடையாளம் தெரியிறதில்ல” என்றான் ஒரு மேசன். நான் கொழும்புக்கு எடுத்துக் கத்த, அந்தப் பிள்ளை, “முகத்தைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க மேடம்” என்றாள். அவ்வளவுதான். இப்போது பின்னேரத்தில் முதலில் குழாயடியில் வரிசை, பிறகு கம்பத்தடியில் வரிசை. என் புருசன்கூடச் சவுக்காரம் போட்டு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

மாதம் முடிவதற்கு முதல், அந்தச் சில நாளின் ரிப்போட் இஞ்சினியருக்குப் போனது. அன்றே எடுத்தார்.

“அக்கா, இதென்ன, பதினெட்டுப் பேர் எண்டீங்க, இருபத்தி மூண்டு பேர் கிடக்கு?”

“மாறி வந்தவங்க. படம் இரிக்கி, நேரம் இரிக்கி, நிண்ட இடம் இரிக்கி. இல்லாத மனிசர்ர பேரத்தானே வேணாமெண்டீங்க? இது இருக்கிற மனிசர்ர பேர்.”

அவர் திரையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. “எல்லாரும் ஏன் முகம் கழுவிட்டு நிக்கிறாங்க?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். மறுகிழமை மேல்மாடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

கம்பி லொறி வந்த காலையில் எல்லாரும் கம்பத்தடியில் நின்றார்கள். முகம் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் மணி அடித்தது. திரையில் கட்டார் நம்பர். முன்னுக்கு நின்ற பெண் பயந்து பின்னுக்குப் போனாள். நான் போனைக் கழற்றிப் புருசனிடம் நீட்டினேன். “கதைங்க” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் காதில் வைத்துக்கொண்டு வாவிப் பக்கம் கொஞ்சம் நடந்தார். என்ன பேசினார் என்று முழுக்கக் கேட்கவில்லை. “இல்ல பாய்... ஓம்... இல்ல. இஞ்ச மாடி வேல தொடங்கிட்டு. கம்பி வந்து இறங்குது” என்பது மட்டும் கேட்டது. மற்றவர் என்னவோ நீட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“அண்ணே, கதைச்சது காணும், போனக் கொண்டாங்க!” என்று பின்னால் நின்ற கையாள் கத்தினான். “எட்டு மணி தாண்டப்போகுது, எனக்குப் பிந்திப் பதியப்போகுது!”

“வாறன்டா, வாறன்” என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பி நடந்து வந்தார்.